அப்பிள் புழுவும் மாம்பழப் புழுவும்: ஒரே ஈயா, வேறு ஈயா?

செப்டெம்பர் பிறந்துவிட்டால் மொன்றியலில் வாழும் எமது குடும்பங்களுக்கு ஒரு பயணம் காத்திருக்கும். கோட் டே நேஜிலிருந்தும் பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்தும் லசாலிலிருந்தும் இரண்டு மூன்று கார்களில் சேர்ந்து புறப்பட்டு, ரூஜ்மொன் பக்கமோ மொன் சென்ட் இலேர் பக்கமோ ஓகா பக்கமோ அப்பிள் பிடுங்கப் போவோம். பிள்ளைகள் மரத்துக்கு மரம் ஓடுவார்கள். அம்மம்மாமார் உழவு இயந்திரத்தின் பின்னால் கட்டிய பெட்டியில் ஏறி இருந்து தோட்டத்தைச் சுற்றுவார்கள். திரும்பும்போது ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு மூன்று பை அப்பிள் வந்து சேரும்.

கடந்த முறை நாங்கள் தோட்டத்துக்குப் போன வழியில், தெரு ஓரத்தில் யாரும் பராமரிக்காமல் நின்ற ஒரு மரத்திலும் கொஞ்சம் பிடுங்கிக்கொண்டோம். வீட்டில் வந்து வெட்டியபோது அந்த மரத்து அப்பிளின் சதை முழுவதும் மண்ணிற நூல் ஓடியது போல இருந்தது. உள்ளே வெள்ளைப் புழு. பார்த்துக்கொண்டிருந்த அம்மம்மா சொன்னார்: "இது எங்கட மாம்பழப் புழு மாதிரியெல்லோ கிடக்கு. இதுகும் பிளேன் ஏறி வந்திட்டுதோ?"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வி சிரித்துவிட்டுப் போகக்கூடிய கேள்வி அல்ல. பூச்சியியல் அறிஞர்கள் 150 ஆண்டுகளுக்கு மேலாக அதே வகையான கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஈயும் அந்த ஈயும் ஒன்றா? ஒன்று என்றால் எந்த அளவுக்கு ஒன்று? வேறு என்றால் எப்போது வேறாகியது? விடையைத் தேடிப் போனால் கியூபெக்கின் அப்பிள் தோட்டமும் யாழ்ப்பாணத்து மாமரமும் ஒரே கதையின் இரண்டு பக்கங்களாக வந்து நிற்கின்றன. ஒரு பக்கத்தில் பார்வைக்கு ஒன்றாக இருக்கும் ஈ, உள்ளே இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கிறது. மறுபக்கத்தில் நான்கு பெயர் பெற்ற ஈ, உள்ளே ஒன்றாகவே இருந்திருக்கிறது.

முதலில், எந்த ஈ?

பழ ஈ என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது குசினியில் கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றிப் பறக்கும் சின்னஞ்சிறு ஈதான். அது வேறு குடும்பம். துரோசோபிலா என்ற அந்த ஈ, பழம் அழுகத் தொடங்கும்போது அதில் வளரும் ஈஸ்டைத் தேடி வருகிறது. ஆய்வுகூடங்களில் நூறாண்டுக்கும் மேலாக மரபியல் பாடம் படிப்பிப்பதும் அதன் ஒரு இனம்தான். அது பெரும்பாலும் நல்ல பழத்தைக் கெடுப்பதில்லை.

நல்ல பழத்தைக் கெடுப்பவை தெஃப்ரிட்டிடே என்ற குடும்பத்து ஈக்கள். பெண் ஈ ஊசி போன்ற உறுப்பால் பழத்தின் தோலைக் குத்தி உள்ளே முட்டை இடும். வெளியே ஒரு சிறு குழிதான் தெரியும். புழு உள்ளேயே சதையைத் தின்று வளரும். பழம் விழுந்ததும் புழு வெளியேறி மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகும். அப்பிள் ஈயும் மாம்பழ ஈயும் இரண்டுமே இந்தக் குடும்பம். ஆகவே அம்மம்மா கண்டது சரி: இரண்டும் சொந்தக்காரர்தான். ஆனால் தூரத்துச் சொந்தம்.

இங்கத்தைய அப்பிள் ஈயின் அறிவியல் பெயர் ரகோலெட்டிஸ் பொமொனெல்லா. கியூபெக்கில் 'மூஷ் த லா பொம்' என்பார்கள். வீட்டு ஈயைவிடச் சற்றுச் சிறியது. கறுத்த உடல், முதுகில் ஒரு வெள்ளைப் பொட்டு, இறகில் வளைந்த கறுப்புப் பட்டைகள். ஆனி மாதக் கடைசியிலிருந்து மண்ணைவிட்டு வெளியே வரத் தொடங்கும். ஆண்டுக்கு ஒரு தலைமுறைதான். பனிக்காலம் முழுவதையும் மண்ணுக்குள் உறங்கிக் கழிக்கும். அப்பிளில் காணும் எல்லாப் புழுவும் இந்த ஈயின் புழு அல்ல என்பதையும் சொல்லவேண்டும். நேராக நடுக்கொட்டையை நோக்கித் துளைத்துக்கொண்டு போய் எச்சத்தை வெளியே தள்ளியிருந்தால் அது ஒரு வகை அந்துப்பூச்சியின் புழு. சதைக்குள் நூல் நூலாக அலைந்திருந்தால்தான் இந்த ஈ.

வந்து சேர்ந்தது அப்பிள்

இந்த ஈ விமானம் ஏறி வரவும் இல்லை, கப்பல் ஏறி வரவும் இல்லை. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிதான் அதன் சொந்த இடம். வெளியிலிருந்து வந்தது அப்பிள்தான். அப்பிளின் மூதாதை மரங்கள் இன்றும் கசகஸ்தானின் மலைச்சாரல் காடுகளில் நிற்கின்றன. அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் பரவி, 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு, ஆங்கிலேயக் குடியேறிகளோடு இந்தக் கண்டத்துக்கு வந்தது. நாம் விரும்பி வாங்கும் மக்கின்ரொஷ் வகையே 1811இல் ஒன்ராறியோவின் டண்டெலாவில் ஜோன் மக்கின்ரொஷ் என்ற குடியேறி தனது காணியில் கண்டெடுத்த கன்றுகளிலிருந்து வந்தது.

அப்பிள் வருவதற்கு முன் இந்த ஈ எதைத் தின்றது? ஹோதோர்ன் என்ற முள்மரத்தின் பழத்தை. பிரெஞ்சில் ஒபெபீன் என்பார்கள். மொன் றோயல் மலையில் நடக்கும்போது இலையுதிர்காலத்தில் கண்டிருப்பீர்கள்: இலந்தைப்பழ அளவில் சிவந்த பழங்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும், கிளையில் நீண்ட முள் இருக்கும். இந்த ஈக்கள் காலங்காலமாக அந்தச் சிறு பழத்தில்தான் வாழ்ந்தன.

அப்பிள் வந்து இருநூறு ஆண்டுக்கும் மேலாக ஈ அதைத் தொட்டதாகத் தெரியவில்லை. 1860களில்தான் நியூயோர்க் மாநிலத்தின் ஹட்சன் பள்ளத்தாக்கில் அப்பிள் தோட்டக்காரர்கள் புதிய புழுவைப் பற்றி முறையிடத் தொடங்கினார்கள். 1867இல் இந்த ஈக்கு அறிவியல் பெயர் சூட்டி எழுதியவர் பெஞ்சமின் வோல்ஷ். இங்கிலாந்தில் பிறந்து கேம்பிரிட்ஜில் படித்து, இலினொய் மாநிலத்துக்குக் குடியேறியவர். டார்வினோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தவர். முள்மரத்து ஈக்களில் ஒரு பகுதி அப்பிளுக்கு மாறியிருக்கிறது என்றும், இப்படி உணவு மாறுவதே ஒரு பூச்சி இனம் இரண்டாகப் பிரிவதற்குத் தொடக்கமாக இருக்கலாம் என்றும் அவர் கருதினார்.

அந்தக் கருத்தைப் பின்வந்த அறிஞர்கள் பலர் ஏற்கவில்லை. ஓர் இனம் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் நடுவில் மலையோ கடலோ பாலைவனமோ வேண்டும் என்பதே 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஓங்கியிருந்த கொள்கை. ஏர்ன்ஸ்ட் மேயர் அதன் முதன்மைக் குரல். ஒரே வேலியின் இரு பக்கமும் நிற்கும் இரண்டு மரங்களின் ஈக்கள், விருப்பப்படி பறந்து கலக்கக்கூடியவை, எப்படிப் பிரிய முடியும் என்று கேட்டார்கள். 1960களில் கை புஷ் என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர் வோல்ஷின் எண்ணத்தை மீண்டும் கையில் எடுத்தார். ஆனால் நிரூபிக்க ஈயின் உள்ளே பார்க்க வேண்டியிருந்தது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றேதான்.

ஒரு தோட்டத்தில் இரண்டு கூட்டம்

உள்ளே எப்படிப் பார்ப்பது? ஓர் ஈயின் உடலில் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் உண்டு. ஒவ்வொரு மரபணுவுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் இருக்கலாம். ஒரே சமையல் குறிப்பு வீட்டுக்கு வீடு சற்று வேறுபட்டு எழுதப்பட்டிருப்பது போல. கறிக்கு மிளகாய்த்தூள் எல்லா வீட்டிலும் உண்டு, அளவுதான் வேறு. ஒரு காட்டு ஈக்கூட்டத்தில் இப்படி எத்தனை வடிவங்கள், எவ்வளவு விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பதையே மரபணு வேறுபாடு என்கிறோம்.

அந்தக் காலத்து முறை எளிமையானது. ஈயை நசுக்கிச் சாறெடுத்து, மாப்பசை போன்ற ஒரு கூழில் வைத்து மின்சாரம் பாய்ச்சுவார்கள். மரபணு வடிவம் வேறென்றால் அதிலிருந்து உருவான நொதியும் சற்று வேறாக இருக்கும். அது கூழில் நகரும் தூரமும் வேறுபடும். சாயமிட்டுப் பார்த்து, நூற்றுக்கணக்கான ஈக்களில் எந்த வடிவம் எத்தனை என்று எண்ணுவார்கள்.

1988இல் ஜெஃப்ரி ஃபெடர், கை புஷ் முதலியோரும், வேறொரு குழுவினரும் 'நேச்சர்' இதழில் தமது முடிவுகளை வெளியிட்டார்கள். அருகருகே நிற்கும் அப்பிள் மரத்து ஈக்களுக்கும் முள்மரத்து ஈக்களுக்கும் மரபணு விகிதம் வேறு. ஒரு கூட்டத்தில் அதிகமாக இருக்கும் வடிவம் மற்றதில் குறைவு. இங்கே கவனிக்கவேண்டியது: ஒன்றில் முற்றாக உள்ளது மற்றதில் முற்றாக இல்லை என்பதல்ல. இரண்டிலும் எல்லாம் உண்டு, விகிதம்தான் வேறு. இன்னொன்றும் தெரியவந்தது. ஒரே முள்மரத்து ஈயை எடுத்தாலும் வடக்கே போகப் போக விகிதம் மாறுகிறது. ஆகவே 'அப்பிள் ஈ' என்று நாம் ஒரே சொல்லால் சொல்வது உண்மையில் பல கூட்டங்களின் தொகுப்பு.

பறந்து கலக்கக்கூடிய இவை ஏன் கலந்து ஒன்றாகிவிடவில்லை? இரண்டு காரணங்கள்.

முதலாவது நேரம். அப்பிள் முள்மரப் பழத்தைவிட மூன்று நான்கு கிழமை முன்னதாகவே பழுக்கிறது. வளர்ந்த ஈயின் ஆயுளோ ஏறத்தாழ ஒரு மாதம். ஆகவே அப்பிளை நம்பும் ஈ முந்தி எழவேண்டும், முள்மரத்தை நம்பும் ஈ பிந்தி எழவேண்டும். முந்தி எழுபவரும் பிந்தி எழுபவரும் சந்திக்கும் நாட்கள் குறைவு.

இரண்டாவது மணம். இந்த ஈக்கள் துணை தேடுவது பழத்தின் மேலேயே. எந்தப் பழத்தைத் தேடிப் போகிறதோ அங்கேதான் திருமணமும். 2003இல் வெளியான ஆய்வில், அப்பிள் ஈக்கள் அப்பிளின் மணக்கலவையை நோக்கியும் முள்மரத்து ஈக்கள் அந்தப் பழத்தின் மணக்கலவையை நோக்கியும் பறப்பது காட்டப்பட்டது. பழத்தைத் தேர்வதே துணையைத் தேர்வதாகிவிடுகிறது. இருந்தும் கலப்பு முற்றாக நிற்கவில்லை. மிச்சிகனில் ஈக்களுக்கு அடையாளமிட்டு விட்டுப் பார்த்தபோது, தலைமுறைக்கு நூற்றுக்கு 4 முதல் 6 வரை மறுபக்கத்தோடு கலப்பதாகக் கணக்கிட்டார்கள். இவ்வளவு கலந்தும் வேறுபாடு நிலைக்கிறது என்றால், ஒவ்வொரு ஆண்டும் ஏதோ ஒன்று அந்த வேறுபாட்டைத் திரும்பத் திரும்ப உண்டாக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

பழைய இருப்பு

அந்த ஏதோ ஒன்றில் பெரும் பங்கு பனிக்காலத்துக்கு முந்திய வெயிலுக்கு உண்டு. அப்பிள் முந்திப் பழுப்பதால் அதன் புழுவும் முந்தி மண்ணுக்குள் போகிறது. அப்போது இன்னும் சூடு இருக்கும். நம் மொன்றியலில் ஒக்டோபரில்கூடச் சில நாட்கள் கோடை போல வந்து ஏமாற்றும் அல்லவா? அந்தச் சூட்டை வசந்தம் என்று நம்பி எழுந்த ஈ பனியில் சாகும். ஆகவே அப்பிளில் வாழ வேண்டுமானால் ஆழ்ந்து உறங்கும் குணம் வேண்டும்.

ஃபெடர் குழுவினர் இதைச் சோதித்தார்கள். முள்மரத்து ஈக்களின் கூட்டுப்புழுக்களை எடுத்து, ஒரு பகுதியைக் குளிருக்குமுன் 7 நாள் மட்டும் சூட்டில் வைத்தார்கள். மற்றப் பகுதியை அப்பிள் புழு அனுபவிப்பது போல 32 நாள் வைத்தார்கள். நீண்ட சூட்டில் பிழைத்தவற்றின் மரபணுக்களைப் பார்த்தபோது, விகிதம் அப்பிள் ஈயின் பக்கம் நகர்ந்திருந்தது. ஒரே தலைமுறையில்! 2000ஆம் ஆண்டில் சில மரபணுக்களில் கண்டதை 2015இல் ஈயின் மரபணுத் தொகுதி முழுவதிலும் பார்த்தபோதும் இதே போக்கே தெரிந்தது.

இதன் பொருளைச் சற்று நின்று யோசிக்கவேண்டும். ஒரு மாதச் சூட்டில் புதிய மரபணு எதுவும் பிறக்கவில்லை. ஆழ்ந்து உறங்கும் ஈக்கள் முள்மரத்துக் கூட்டத்துக்குள் முன்பே இருந்தன. மற்றவை செத்ததால் அவை எஞ்சின, அவ்வளவே. அப்படியானால் அந்த வடிவங்கள் எங்கிருந்து வந்தன? 2003இல் ஃபெடர் குழு அதற்கும் ஒரு விடை தந்தது. உறக்கத்தோடு தொடர்புடைய மரபணுக்கள் பல, குரோமோசோமில் தலைகீழாகத் திரும்பிய துண்டுகளில் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. ஒரு சாவிக்கொத்துப் போல, கொடுத்தால் முழுக் கொத்தையும் கொடுக்கவேண்டும். அந்தக் கொத்துகளில் சில, மெக்சிகோ மேட்டுநிலத்தில் தனித்து வாழ்ந்த முள்மரத்து ஈக்களிடமிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வடக்கே கலந்து வந்தவை. அமெரிக்கக் கண்டத்தில் ஓர் அப்பிள் மரம்கூட இல்லாத காலம் அது.

எங்கள் ஊர்ப் பக்கம் சில வீடுகளில் பல வகை நெல்லைப் பிரித்து வைத்திருந்தது நினைவுக்கு வருகிறது. மழை பிந்திய ஆண்டில் ஒன்று கைகொடுக்கும், வெள்ளம் வந்த ஆண்டில் இன்னொன்று. எது எந்த ஆண்டு உதவும் என்று விதைக்குத் தெரியாது. காட்டுப் பூச்சியின் மரபணு வேறுபாடும் அப்படிப்பட்ட இருப்புத்தான். ஈ புத்திசாலித்தனமாக அப்பிளுக்கு மாறவில்லை. கூட்டத்தில் பல விதம் இருந்ததால், புதிய பழம் வந்தபோது அதற்குப் பொருந்திய சில ஏற்கனவே அங்கே இருந்தன.

கதை ஈயோடு நிற்கவும் இல்லை. இந்த ஈயின் புழுவில் முட்டையிட்டு அதைத் தின்னும் ஒரு சிறு குளவி உண்டு. அந்தக் குளவியும் அப்பிள் ஈயைத் தேடுவது, முள்மரத்து ஈயைத் தேடுவது என்று பிரியத் தொடங்கியிருப்பதை 2009இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஆய்வு காட்டியது. குடியேறிகள் நட்ட ஒரு மரம், ஈயைப் பிரித்து, ஈயைத் தின்னும் குளவியையும் பிரித்துக்கொண்டிருக்கிறது.

மாம்பழ ஈயின் நான்கு பெயர்கள்

இனி அம்மம்மாவின் மாம்பழத்துக்கு வருவோம். இலங்கையில் மாம்பழத்தையும் கொய்யாவையும் துளைக்கும் முக்கியமான பழ ஈ பக்ட்ரோசெரா டோர்சாலிஸ். ஆசியா முழுவதும் உண்டு. 1912இல் தாய்வான் ஈக்களை வைத்து விவரிக்கப்பட்டது. அப்பிள் ஈ ஓரிரு பழங்களை நம்பி வாழ, இதுவோ 300க்கும் மேற்பட்ட தாவரங்களின் பழங்களில் வளரும். அதன் ஆண் ஈக்களுக்கு மெதில் யூஜினோல் என்ற வாசனைப் பொருளில் தீராத மோகம். எமது துளசியிலும் அது உண்டு. ஈப்பொறிகளில் வைப்பதும் அதையே.

1994இல் இந்த ஈயின் நெருங்கிய உறவுகளை ஆராய்ந்து, தென்கிழக்காசியாவில் உள்ளதற்கு பப்பாயே என்றும் பிலிப்பைன்ஸில் உள்ளதற்கு பிலிப்பினென்சிஸ் என்றும் தனி இனப் பெயர்கள் கொடுத்தார்கள். 2003இல் கென்யாவின் கரையோரத்தில் இதே சாயலில் ஓர் ஈ பிடிபட்டது. ஆபிரிக்காவில் அதற்கு முன் கண்டறியப்படாதது. சில ஆண்டுகளிலேயே அது பல நாடுகளுக்குப் பரவி மாம்பழச் செய்கையைப் பெரிதும் பாதித்தது. 2005இல் அதைப் புதிய இனமாக விவரித்தபோது, அதே ஈ இலங்கையிலும் இருப்பதாகக் குறிப்பிட்டார்கள். சூட்டிய பெயர் 'இன்வேடன்ஸ்', அதாவது படையெடுத்து வருவது.

நமது நாட்டிலும் இருக்கும் ஈக்கு இன்னொரு கண்டத்தில் 'படையெடுப்பாளன்' என்ற பெயர்! பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கடதாசியில் எழுதப்படும் ஒரு சொல் எவ்வளவு தூரம் போகும் என்பதை அகதி விண்ணப்பம் நிரப்பிய எமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. பூச்சிக்கும் அப்படித்தான். ஒரு நாட்டில் 'இன்வேடன்ஸ்' இருக்கிறது, மற்ற நாட்டில் 'டோர்சாலிஸ்' மட்டுமே இருக்கிறது என்றால், முதல் நாட்டின் பழத்தை இரண்டாவது நாடு தடுக்கலாம். ஒன்றுக்குக் கண்டுபிடித்த சூட்டுச் சிகிச்சையும் குளிர்ச் சிகிச்சையும் மற்றதற்குச் செல்லுமா என்று மீண்டும் சோதிக்கவேண்டிவரும். மலட்டு ஆண் ஈக்களை வளர்த்துப் பறக்கவிட்டு இனப்பெருக்கத்தைத் தடுக்கும் முறை உண்டு. இனம் வேறென்றால் ஒரு நாட்டு ஈ மற்ற நாட்டில் உதவாது.

ஆகவே ஐநாவின் உணவு வேளாண்மை நிறுவனமும் சர்வதேச அணுசக்தி முகமையும் இணைந்து பல நாட்டு ஆய்வாளர்களை ஒருங்கிணைத்தன. இறகின் வடிவத்தை அளந்தார்கள். மரபணுக்களை ஒப்பிட்டார்கள். குரோமோசோமையும் வாசனைச் சுரப்பையும் பார்த்தார்கள். வெவ்வேறு நாட்டு ஈக்களைக் கூண்டில் ஒன்றாக விட்டார்கள். அவை தயக்கமின்றிக் கூடின. பிறந்த குஞ்சுகளும் நலமாக இருந்து இனம் பெருக்கின. முதுகின் நிறம் கறுப்பிலிருந்து செம்மண் நிறம் வரை மாறினாலும், அது ஒரே கூட்டத்துக்குள்ளேயே காணப்படும் மாற்றம்தான். 2014இல் வெளியான கட்டுரையில் ஏறத்தாழ 50 ஆய்வாளர்கள் சேர்ந்து முடிவைச் சொன்னார்கள்: பப்பாயே, பிலிப்பினென்சிஸ், இன்வேடன்ஸ் எல்லாம் டோர்சாலிஸ்தான். இதை ஏற்காத வகைப்பாட்டியலாளர்களும் இருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான நாடுகளின் நடைமுறை ஒரே பெயருக்கு வந்துவிட்டது.

ஒரே இனம் என்பதால் எல்லா ஈயும் ஒரே மாதிரி என்று ஆகிவிடாது. ஆபிரிக்க நாடுகளின் ஈக்களையும் இலங்கை ஈக்களையும் ஒப்பிட்டு 2009இல் வெளிவந்த ஆய்வு, ஆபிரிக்காவுக்குள்ளேயே கூட்டத்துக்குக் கூட்டம் குறிப்பிடத்தக்க மரபணு வேறுபாடு இருப்பதைக் காட்டியது. பொதுவாக, சில ஈக்கள் மட்டும் ஒரு புதிய இடத்துக்கு வந்து பெருகினால் அவற்றின் மரபணு வகைகள் குறைவாக இருக்கும். பல முறை பல இடங்களிலிருந்து வந்திருந்தால் வகைகள் கூடும். எல்லையில் ஒரு ஈ பிடிபட்டால் அது எந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்கலாம் என்று ஊகிக்க உதவுவதும் இந்தக் கணக்குத்தான்.

எமக்கு இதில் என்ன?

முதலாவது, மருந்து. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூச்சி பழகிவிடுகிறது என்று ஊரில் சொல்வோம். உண்மையில் எந்தத் தனிப் பூச்சியும் பழகுவதில்லை. கூட்டத்தில் மருந்தைத் தாங்கும் சில இருந்தால், மருந்து மற்றவற்றைக் கொன்று அவற்றுக்கு இடம் விடுகிறது. 32 நாள் சூடு செய்ததையே மருந்தும் செய்கிறது. கியூபெக்கின் தோட்டக்காரர்கள் பசை பூசிய சிவப்புப் பந்துகளை மரத்தில் தொங்கவிட்டு ஈக்களை எண்ணி, தேவையான போது மட்டும் மருந்து அடிக்க முயல்வது இதனாலும்தான். அடுத்தமுறை தோட்டத்தில் அந்தச் சிவப்புப் பந்தைக் கண்டால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பெண் ஈ அதைப் பழுத்த அப்பிள் என்று நம்பி வந்து ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாவது, கோடிப்புறத்து மரம். வீடு வாங்கியபோது வளவில் ஒரு பழைய அப்பிள் மரமும் சேர்ந்து கிடைத்த குடும்பங்கள் எம்மிடையே பல. விழுந்த பழங்களைக் கிழமைக்கு ஒரு முறையாவது பொறுக்கி அகற்றினால், புழு மண்ணுக்குள் போகுமுன் சுற்றை அறுத்துவிடலாம். கவனிக்காத மரம் அயல் தோட்டங்களுக்கு ஈயை வளர்த்துக் கொடுக்கும் நாற்றுமேடையாகிவிடும். ஊரில் மாங்காயை முற்றியவுடன் பிடுங்கி வைக்கோலில் பழுக்க வைத்த வழக்கத்திலும் இதே பயன் இருந்தது. மரத்திலேயே கனியவிட்டால் ஈ முந்திக்கொள்ளும்.

மூன்றாவது, பயணப்பை. இதைச் சற்று அழுத்தியே சொல்லவேண்டும். 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழ இறக்குமதியைத் தடைசெய்தது நினைவிருக்கலாம். லண்டன் கடைகளில் அந்தப் பருவம் அல்போன்சோவே இல்லை. வந்த பழங்களில் பழ ஈக்கள் காணப்பட்டதே காரணம். 2024 தொடக்கத்தில் கலிபோர்னியாவின் ரெட்லண்ட்ஸ் நகரில் எமது இதே மாம்பழ ஈயைக் கட்டுப்படுத்த, 2,000க்கும் மேற்பட்ட வீட்டு வளவுகளில் மரத்தில் நின்ற பழங்களை அரசு ஊழியர்கள் பிடுங்கி அகற்றினார்கள். கனடாவுக்குள்ளேயே, அப்பிள் ஈ மேலும் பரவாமல் இருக்க, கிழக்கிலிருந்து பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு அப்பிள் கொண்டுபோவதற்குக் கட்டுப்பாடு உண்டு.

மொன்றியல் பனியில் மாம்பழ ஈ பிழைக்காதே, பிறகு என்ன என்று கேட்பவர்கள் உண்டு. எமது பைகள் மொன்றியலோடு நிற்பதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவரும் கறுத்தக்கொழும்பான் இங்கே ஒரு நாள் தங்கி, கலிபோர்னியாவில் இருக்கும் மச்சாளுக்கோ அவுஸ்திரேலியாவில் இருக்கும் சித்தப்பாவுக்கோ போகிறது. ஒரு புழுவின் உடலில் ஒரு புதிய இருப்பும் பயணம் செய்கிறது. ஏற்கனவே அங்கே போய்ச்சேர்ந்த ஈக்களின் வகை குறைவாக இருந்தால், புதிதாக வருபவை அந்த இருப்பைப் பெருக்கிவிடும். விமான நிலையத்தில் பழம் இருக்கிறது என்று சொன்னால், போனால் பழம் போகும். சொல்லாமல் விட்டால் தண்டமும் வரலாம், அதைவிடப் பெரிய இழப்பு வேறு யாரோ ஒரு தோட்டக்காரருக்கு வரலாம்.

இந்தக் கதையை வாசிக்கும்போது இது எமது கதைபோல இருக்கிறதே என்று சிலருக்குத் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. ஆனால் அந்த ஒப்புமையை நெடுந்தூரம் இழுக்கக்கூடாது. இந்த ஈக்களுக்குக் கடந்தது ஏறத்தாழ 160 தலைமுறை, எமக்கோ இரண்டு மூன்று. எமது பிள்ளைகள் தமக்குள் பிரெஞ்சில் பேசிக்கொள்வதற்குக் காரணம் மரபணு அல்ல, 101ஆம் சட்டத்தின்படி போன பள்ளிக்கூடம். வீட்டில் தமிழ் பேசினால் தமிழும் வரும். அதற்கு 15 இலட்சம் ஆண்டுகள் தேவையில்லை.

அம்மம்மாவுக்கு இதையெல்லாம் சுருக்கிச் சொன்னோம். இந்த ஈ இங்கத்தையது, அப்பிள்தான் எங்களைப்போலப் பிறகு வந்தது என்று. புழு இல்லாத துண்டை வெட்டி எடுத்துக்கொண்டே கேட்டார்: "அப்ப வந்த மரத்தை இருந்த ஈ பிடிச்சிட்டுது எண்டு சொல்லுறியள்?" அதுதான் விடயம். பிறகு அந்தப் புழு விழுந்த பழங்களை ஒரு பையில் போட்டு இறுகக் கட்டும்படி பேத்தியிடம் சொன்னார். மண்ணில் மட்டும் எறிய வேண்டாம் என்றார்.